ஆறாம் மாசத்துப் பொண்ணு

"இடம் இல்ல தம்பி"ன்னு மடத்துச் சீடர் தருமலிங்கம் சொன்னதுதான் தாமதம், எல்லாம் கெட்டுப்போச்சு.

மடத்து இடுகாட்டு வாசல்ல வெள்ளைத்துணிப் பொதியோட நின்ன சின்னராசு, கேட்டுக்குக் குறுக்கயே உக்காந்துட்டான்.

"ஆறாம் மாசம், வயித்துலயே போயிருச்சு சாமி. எம் பொஞ்சாதி ஆஸ்பத்திரியில கெடக்கா. எங்கயாவது போட்டுட்டு வந்துராதேன்னு சத்தியம் வாங்கி அனுப்பியிருக்கா. நான் நகரமாட்டேன்."

"இங்க பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் மண்ணு தள்ளுவோம், அதான் முறை. பேர் வைக்கிறதுக்கு முந்தியே போனது..."

"போனது இல்ல சாமி. போனவ."

தருமலிங்கம் சும்மா விடுற ஆளா? வக்கீலா வாதாடிக் களைச்சு மடத்துக்கு வந்தவராச்சே! மத்த சீடர்களையும் கூப்பிட்டாரு. ஆரம்பிச்சுது பாருங்க கச்சேரி!

"கரு தரிச்ச அன்னைக்கே மனுஷ உசுருதான்."

"துடிப்பு வேணாமாய்யா?"

"வெளிய வந்து மூச்சு விடணும். அப்பதான் ஆளு."

"அதுக்கு மொத நாள் உங்கம்மா வயித்துல நீ என்ன, பூசணிக்காயா?"

வெயில் ஏறிட்டே போகுது. சின்னராசு அசையல. துணி மேல ஈ உக்காராம ஓட்டிட்டே இருக்கான்.

சத்தம் கேட்டு மடத்துத் தலைவி வடிவம்மா வந்தாங்க. தருமலிங்கத்தைவிட வயசுல சின்னவங்க. ஆனாலும் குரு குருதானே! அவர் கும்பிட்டாரு.

"அம்மா, ஒரே கேள்வி. எப்பலேர்ந்து அது ஒரு ஆளு? அதை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் முறைப்படி பாத்துக்கறேன்."

"மொதல்ல அவர் கையிலேர்ந்து வாங்குங்க."

சின்னராசு யோசிச்சான். அப்புறம் குடுத்தான். தருமலிங்கம் வாங்குனாரு.

"கீழ வைங்க. உக்காந்து பேசுவோம்."

கீழ கருங்கல் தளம். வெறுங்கால்ல நிக்க முடியாம அவரே கால் மாத்தி மாத்தித்தான் நின்னுட்டிருந்தாரு.

குனிஞ்சாரு. பாதியில நின்னாரு. நிழல் எங்கன்னு தேடுனாரு. நிமிந்துட்டாரு.

"என்ன, வைங்களேன்?"

"கல்லு சுடுதும்மா."

"யாருக்கு?"

தருமலிங்கம் பொதியை இன்னும் கொஞ்சம் நெஞ்சோட சேத்துக்கிட்டாரு.

"தம்பி, எந்திரிச்சு அந்த கேட்டைத் தள்ளுப்பா. எனக்குக் கை ஒழியல."