அஞ்சாவது வரிசை

ஒருமுறை செய்து காட்டிய வேலையைப் பதிந்துகொண்டு அப்படியே திரும்பச் செய்யும் கம்ப்யூட்டர் கட்டளைதான் மேக்ரோ. மேனேஜர் அருணகிரி பதிவு செய்த மேக்ரோவை ஓட்டினால் நூல் மில்லின் ஷிப்ட் பட்டியல் தயாராகிவிடும். ஆனால் தினமும் ஒருவர் பெயர் காணாமல் போனது. பெயர் இல்லாதவரை வாட்ச்மேன் திருப்பி அனுப்ப, வாசலில் ஒரே கூச்சல்.

"என் மேக்ரோ தப்பே பண்ணாது. அதைத் தொடாம மதியத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நாளைக்கு வராதே!" என்று தற்காலிக கம்ப்யூட்டர் ஆபரேட்டர் செங்கமலத்திடம் கத்தினார்.

அவள் பதறிப்போய்ப் பழைய பட்டியல்களைப் புரட்டினாள். காணாமல் போனதெல்லாம் அஞ்சாவது வரிசைப் பெயர்கள். மேக்ரோ ஓட்டாத புதுப் பட்டியலில் அந்த வரிசையில் மேனேஜர் பெயரை டைப் செய்தாள்.

"எனக்குத் தெரியல சார். நீங்களே ஓட்டிக் காட்டுங்க."

ஓட்டினார். அவர் பெயர் மாயமானது.

"பதிவு பண்ணும்போது அஞ்சாவதா இருந்தவர் வேலையை விட்டுட்டார்னு அந்த வரிசையை நீக்கியிருக்கீங்க சார். மேக்ரோ அதையும் சேர்த்துப் பதிவு பண்ணிடுச்சு. தினமும் அதையே செய்யுது."

ஆபீஸே எட்டிப் பார்த்தது. அருணகிரி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீயே மேக்ரோவைத் திருத்தும்மா. முதல்ல என் பேரைப் போடு."