காட்டின் இரண்டாவது சொல்

அந்தக் காலத்தில் மிருகங்களும் பறவைகளும் நன்றாகவே பேசின. என்ன பிரயோஜனம்? ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. எல்லார் பேச்சும் தெரிந்தது கரிச்சான் குருவி ஒன்றுக்குத்தான்.

ஒருநாள் குளத்தங்கரை மரத்திலிருந்து குரங்கு, "சிறுத்தை வருது, ஓடு!" என்று கத்தியது. கீழே நின்ற புள்ளிமான், குரங்கு பழம் உதிர்க்கப் போகிறதாக்கும் என்று குட்டியையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கே போனது. குட்டி மயிரிழையில் தப்பியது.

மான் அழுதுகொண்டே கரிச்சானிடம் ஓடியது. "தங்கச்சி, இன்னொரு தடவை இப்படி நடந்தா என் பிள்ளை மிஞ்சாது. எல்லாருக்கும் புரியிற மாதிரி பொதுவா ஒரு பாஷை பண்ணிக் குடு."

கரிச்சானுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பிரமாதமான பாஷை ஒன்றைச் செய்தது. நாற்பது எழுத்து, எட்டு வேற்றுமை, நேற்று நடந்ததற்கு ஒரு வினைமுற்று, முந்தாநாள் நடந்ததற்கு வேறொன்று!

அரங்கேற்றத்தன்று வந்தது வினை. மரங்கொத்திக்கு உதடு இல்லை, "ப" வரவில்லை. தவளை எதைச் சொன்னாலும் "ங" சேர்ந்துகொண்டது. "ழ" ஒருவருக்கும் வரவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. யாருக்கு எது வாயில் நுழையவில்லையோ, கரிச்சான் அதை அடித்துக்கொண்டே வந்தது. சாயங்காலம் பார்த்தால் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "கெக்!" இலக்கணமும் ஒன்றுதான். பயம் கூடினால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

"இதுல மாம்பழத்துக்கு என்ன?" என்றது குரங்கு.

"ஒண்ணுமில்லண்ணே. இருக்கிறது ஒரு சொல். அதை 'ஆபத்து, ஓடு'ன்னு மானக்காவுக்காக வெச்சுட்டேன்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மயில் சிரித்த சிரிப்பில் இரண்டு தோகை உதிர்ந்தது. கரிச்சான் வெட்கப்பட்டு மூங்கில் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டது, பாவம். மான் மட்டும் அந்தச் சொல்லைக் குட்டிக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியது.

பத்து நாள் கழித்து, உச்சிவெயிலில் குட்டி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்த புதரில் ஒரு வால் அசைவதை அணில் பார்த்துவிட்டது. அணில் பேச்சை அதுவரை யார் மதித்தார்கள்? இருந்தாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தியது: "கெக்!"

யோசிக்காமலே குரங்கு "கெக்! கெக்!" என்றது. மயிலும் சேர்ந்துகொண்டது. குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; இரண்டே தாவலில் கரையைத் தாண்டிவிட்டது. பாய்ந்த சிறுத்தை தொபீரென்று குளத்தில் விழுந்து, நனைந்த வாலோடு நடையைக் கட்டியது.

குளத்தங்கரையே குதித்துக் கும்மாளம் போட்டது. மான் சந்தோஷத்தில் அணிலை நக்கி நக்கி நனைத்துவிட்டது. கரிச்சானைப் புதரிலிருந்து இழுத்து வந்தார்கள்.

"ஒரு சொல்லுக்கே இவ்வளவுன்னா, ரெண்டு இருந்தா எப்படி இருக்கும்!" என்றது குரங்கு. "நாளைக்கு விடிஞ்சதும் கூடிப் பேசி முடிச்சிடுவோம் தங்கச்சி."

விடிந்ததும் கூடினார்கள். இரண்டாவது சொல் மாம்பழத்துக்கு என்றது குரங்கு. மழைக்கு என்றது மயில். தவளை என்ன கேட்டதென்று கரிச்சானுக்கே காதில் விழவில்லை. வெயில் ஏறியது, பசி எடுத்தது, மறுநாள் பார்க்கலாம் என்று கலைந்தார்கள்.

அன்று முதல்தான் சிறுத்தை தலைகாட்டினால் காடு முழுவதும் ஒரே சொல்லைச் சொல்கிறது. தினமும் விடிகிற நேரத்தில் ஒன்று பேசுவதை ஒன்று கேட்காமல் அத்தனையும் சேர்ந்து கத்துவதும் அன்று முதல்தான். இரண்டாவது சொல் இன்னும் முடிவாகவில்லை.