முதுகில் சிவந்த இடம்

அன்று தோல் பிரிவில் இருந்தவர்கள் நான்கு பேர். மருத்துவர் ஆவுடைநாயகி. அவரிடம் தோல் வைத்தியம் படிக்க வந்த மருத்துவர் அருளப்பன். நர்ஸ் ரோஸ்லின். முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தையல்காரி செல்லக்கனி. குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தொன்று.

செல்லக்கனியின் விரல்கள் இரண்டு மாதமாக வெடித்துக் கிடந்தன. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய, உலோக உப்புகளைப் பட்டையில் வைத்து அவள் முதுகில் ஒட்டியிருந்தார் அருளப்பன். இரண்டாம் நாள் பட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தார். நான்காம் நாளான இன்று மறுபடி பார்த்தார். நிக்கல் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்து, பொடிப்பொடியாகக் கொப்புளித்திருந்தது.

"அகப்பட்டுக்கிச்சு, நிக்கல்தான். கத்திரிக்கோலை இனிமே தொடக் கூடாதும்மா."

"கடை போட்டு மூணு மாசம்தான் ஆகுது டாக்டரய்யா. கத்திரி இல்லாம துணியைப் பல்லாலயா கடிக்க?"

ரோஸ்லின் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லக்கனி சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

அருளப்பன் குருவிடம் திரும்பினார். "இந்தச் சோதனையை எவ்வளவு தூரம் நம்பலாம் மேடம்?"

ஆவுடைநாயகி எழுந்து செல்லக்கனியிடம் வந்தார். செல்லக்கனி பையில் கொண்டுவந்திருந்த கத்திரிக்கோலைக் கேட்டு வாங்கினார். பஞ்சில் சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, அதன் பிடியைத் தேய்த்தார். நிக்கல் கசிந்தால் பஞ்சு ரோஜா நிறமாகும். ஆகவில்லை. வேறு பஞ்சை எடுத்து, அவள் தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்குகளைத் தேய்த்தார். பஞ்சு ரோஜா நிறமானது.

"ஊக்கு படுற இடத்துல அரிக்குமா?"

"எப்பவும் அரிக்கும். வேர்வைன்னு விட்டுட்டேன்."

"துணி வெட்டுற மாதிரி காட்டுங்க."

செல்லக்கனி வலது கையால் காற்றை வெட்டிக் காட்டினாள். வெடித்திருந்தது இடது கையின் மூன்று விரல்கள். அருளப்பன் அப்போதுதான் அதைக் கவனித்தார்.

"இந்த விரலால வீட்டுல எதைப் பிடிப்பீங்க?" என்று கேட்டார் ஆவுடைநாயகி.

"பூண்டுதான். மாமியார் ஊறுகாய் போட்டு விக்கிறாங்க. தினமும் ஒரு படி நறுக்கிக் குடுத்துட்டுத்தான் கடைக்குப் போவேன்."

"மூணு வாரம் பூண்டைத் தொடாதீங்க. ஊக்கைக் கழட்டிடுங்க. கத்திரியை விடாதீங்க."

"மாமியார் நம்ப மாட்டாங்களே?"

"கூட்டிட்டு வாங்க. அவங்க முதுகுலயும் ஒட்டிடுவோம்."

மூன்று வாரம் கழித்துச் செல்லக்கனி வந்து விரல்களை விரித்துக் காட்டினாள். வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது. பள்ளிச் சீருடை வெட்டக் கிடக்கிறது, நிற்க நேரமில்லை என்று உடனே கிளம்பிவிட்டாள்.

அருளப்பன் மெதுவாகக் கேட்டார். "அப்ப அன்னைக்குச் சோதனை பொய் சொல்லிச்சா மேடம்?"

"இல்லை. அது அவங்க தோலைப் பத்திச் சொன்னது. கத்திரிக்கோலைப் பத்திச் சொன்னது நீங்க."

அருளப்பன் தலை குனிந்தார்.

"இப்படி முதுகை மட்டும் பார்த்து, இதுவரைக்கும் எத்தனை பேரை வேலையை விடச் சொல்லியிருக்கீங்க?"

"செல்லக்கனியோட சேர்த்துப் பன்னிரண்டு பேர்."

"அப்ப இன்னும் பதினொரு பேர் இருக்காங்க," என்றார் ஆவுடைநாயகி.