ஒரு சாண் மெத்தை

முன்னொரு காலத்தில், பேர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லாத ஒரு ராஜ்யத்தில், காலில் சேறு ஒட்டிவிடுமோ என்று அஞ்சுகிற ராஜா ஒருவர் இருந்தார். நிலம் அளப்பதைப் பார்வையிட அவர் கிளம்பிய அன்று பார்த்து மழை.

"வயலுக்குள் இறங்காமல் அளக்க வழியே இல்லையா?" என்று வரப்பில் நின்றபடி கேட்டார்.

மந்திரி அனந்தகோபாலர் இருக்கிறாரே, ராஜா தும்மினால் அவருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும். குடையோடு முன்னே வந்தார்.

"ஏன் இல்லை, பிரபு? வரப்பைச் சுற்றிக் கயிறு பிடித்தால் போதும். சுற்றளவு சமமானால் நிலமும் சமம்."

"பேஷ்! இனி அதுவே சட்டம்."

கூட வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். விகடகவி கூத்தபிரான் மட்டும் ஆட்டவில்லை.

"கயிற்றுக்குள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க வேண்டாமா, அரசே?"

"வாய் இருக்கிறதே என்று பேசாதே," என்றார் மந்திரி.

வாய்க்கால் ஓரத்தில் கூத்தபிரானுக்கு ஒரு வயல் உண்டு. பத்துக் கோல் நீளம், பத்துக் கோல் அகலம். அவன் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான். மந்திரிக்கு வெகுநாளாக அதன்மேல் கண். சட்டம் வந்ததும் சபையில் எழுந்தார்.

"பிரபு, கூத்தபிரானின் வயலை அடியேன் எடுத்துக்கொண்டு, அதே சுற்றளவுள்ள நிலத்தை அவனுக்குத் தருகிறேன். யாருக்கும் நஷ்டமில்லை."

"சமத்துக்குச் சமம்தானே? மாற்றிக்கொள்ளுங்கள்."

மந்திரி கொடுத்த நிலம் ஒரு கோல் அகலம், பத்தொன்பது கோல் நீளம். சுற்றிக் கயிறு பிடித்தால் இரண்டுக்கும் நாற்பது கோல்தான். உள்ளே பார்த்தாலோ, போனதில் நூறு சதுரக் கோல், வந்ததில் பத்தொன்பது.

கூத்தபிரானின் மனைவி வடிவு அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "இது வயலா, அரைஞாண் கயிறா? ஏரைப் பூட்டினா மாடு எங்கேங்க திரும்பும்? போன மாடு போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான். விதைப்புக்குள்ள நம்ம வயல் வரலேன்னா, புள்ளைங்களுக்கு உங்க விகடத்தைத்தான் வடிச்சுக் கொட்டணும்!"

கூத்தபிரான் மறுநாள் சபைக்குப் போனான். அவன் வாடிய முகம் ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது.

"சும்மா உட்கார்ந்து துக்கப்படாதே. என் மெத்தையில் பஞ்சு கட்டிப்போயிற்று. அதே அளவில் புதிதாக ஒன்று தைத்து வாங்கி வா."

"அதே அளவு. சட்டப்படி. உத்தரவு, அரசே."

மெத்தை வந்தது. சாப்பிட்ட களைப்பில் ராஜா சாய்ந்தார். சாய்ந்தவர் பொத்தென்று தரையில் கிடந்தார்.

"கூத்தபிரான்! இது என்ன, மெத்தையா, மலைப்பாம்பா?"

ஒரு சாண் அகலம். நீளமோ கட்டிலைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"மெத்தைதான், அரசே. பழையதைச் சுற்றி நூல் பிடித்தேன். புதியதையும் சுற்றிப் பிடித்தேன். அங்குலம் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. சந்தேகம் இருந்தால் மந்திரியாரைக் கேளுங்கள்."

கூப்பிட்டதும் மந்திரி ஓடி வந்தார். மெத்தை சமமில்லை என்று சொன்னால், மாற்றி வாங்கிய வயல் கையைவிட்டுப் போகும்.

"சமம்தான், பிரபு. தாங்கள் படுத்த விதத்தில்தான் கொஞ்சம்..."

"படுத்த விதத்திலா? எங்கே, நீர் படுத்துக் காட்டும்."

மந்திரி ஒருக்களித்துப் படுத்தார். தொந்தி ஒரு பக்கம் தொங்கியது, முதுகு மறுபக்கம் தொங்கியது. உத்தரத்தில் ஒட்டிய பல்லி போலப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருக்கிறது?"

"சொர்க்கம், பிரபு."

"புரண்டு படும்."

தொப்பென்று ஒரு சத்தம்.

"விழுந்தீரோ?"

"இல்லை, பிரபு. இறங்கினேன்."

ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்து முடித்தபின் சற்று வெட்கமும் வந்தது. "இந்தச் சட்டத்தை நான்தானே போட்டேன், கூத்தபிரான்?"

"ஆமாம் அரசே. மண்ணைத் தொடாமலே போட்டீர்கள்."

"இனி நிலத்தை உள்ளே இறங்கி, நீளமும் அகலமும் பெருக்கி அளக்கட்டும். உன் வயல் உனக்கே. அந்த ஒரு கோல் நிலமும் உனக்கே, என் பரிசாக வைத்துக்கொள். மெத்தை மட்டும் மந்திரி வீட்டுக்குப் போகட்டும். அவருக்குத்தான் அது சொர்க்கமாயிற்றே! இனி தினமும் அதிலேயே படுக்கட்டும்."

"என் பாக்கியம், பிரபு," என்றார் மந்திரி, தரையில் கிடந்தபடியே.