காலையிலேயே குத்தின முத்திரை

"என் பொண்ணு நேத்து ஸ்கூலுக்கே போகலக்கா. டைரிய மட்டும் மொத நாளே அங்க மறந்துட்டு வந்துட்டா. இன்னிக்கு வாங்கிப் பாத்தா, நேத்து தேதில 'நன்றாகச் சாப்பிட்டாள்'னு முத்திரை குத்தியிருக்கு!"

ஷேர் ஆட்டோவுல முன்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா இப்படிச் சொல்லிட்டு கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. பக்கத்துல இருந்த அக்காவும் சிரிச்சாங்க. பின் சீட்டுல ஓரமா, மடியில பைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு வரல.

அவ யாரு தெரியுமா? படுத்துக்கிட்டே ம் சொல்லு கண்ணு, சொன்னாத்தான் மேல கதை.

ம்.

ஒரு ஊர்ல ஒரு புது மிஸ் இருந்தா. பேரு எழிலரசி. புள்ளைங்க வாய்க்கு எழில் மிஸ். காலேஜ் முடிச்சவ, எல்லாத்தையும் உத்து உத்துப் பாப்பா. ஆனா வாய் மட்டும் வராது. சொல்ல நினைக்கிறது தொண்ட வரைக்கும் வரும், அங்கயே உக்காந்துக்கும்.

அந்த ஊரு ஷூ தெக்கிற ஊரு. விடிஞ்சும் விடியாம கம்பெனி பஸ்ஸு பாம்... பாம்...னு ஹாரன் அடிச்சுக்கிட்டு வரும். அம்மாங்க எல்லாம் தலையக் கூட சரியாப் பின்னாம, டப்பாவக் கையில புடிச்சுக்கிட்டு ஓடிப் போய் ஏறுவாங்க. திரும்பி வர்றப்போ தெரு விளக்கு எரிய ஆரம்பிச்சிருக்கும். அவங்க புள்ளைங்க எல்லாம் ஒரு மழலையர் பள்ளிக்கூடத்துக்கு வேன்ல போவாங்க. அந்த ஸ்கூல நடத்துறவங்களுக்குப் பேரு பெரிய மிஸ்ஸு. அங்கதான் எழில் மிஸ்ஸு எல்.கே.ஜி.க்கு வந்து சேர்ந்தா. முப்பத்திரண்டு புள்ளைங்க. ஒண்ணு அழும், ஒண்ணு கிள்ளும், ஒண்ணு கிரேயான முழுங்கப் பாக்கும்.

ஒவ்வொரு புள்ளைக்கும் சேப்பு அட்ட போட்ட ஒரு டைரி. அதுல தினமும் மூணு முத்திரை விழும். நன்றாகச் சாப்பிட்டாள். நன்றாக விளையாடினாள். நன்றாகத் தூங்கினாள். ஆம்பளப் புள்ளைங்களுக்கு வேற முத்திரைக் கட்டை. அம்மாங்க வீட்டுக்கு வந்ததும் காலக் கூட கழுவாம மொதல்ல அந்த டைரியத்தான் பிரிப்பாங்க. பகல் பூரா புள்ள எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கு வேற என்ன இருக்கு?

ம்.

அப்போ அந்த ஆட்டோவுல கேட்ட பேச்சு எழில் மிஸ்ஸ விடல. மறுநாள் வழக்கத்த விட சீக்கிரமா ஸ்கூலுக்கு வந்துட்டா. வேன்ல வந்த புள்ளைங்க வெளியில பிரேயருக்கு வரிசையில நிக்குதுங்க. கிளாஸுக்குள்ள லூர்தம்மா ஆயா கீழ உக்காந்து, டைரி எல்லாத்தையும் விரிச்சு வெச்சுக்கிட்டு, டொப்... டொப்... டொப்.

மணி ஒம்பது கூட ஆகல.

"ஆயா, இன்னும் யாருமே சாப்பிடலையே?"

"சாப்பிடத்தானே போறாங்க."

"தூங்கவும் இல்லையே?"

"எம்மா, சாயங்காலம் முப்பத்திரண்டு மூக்கத் தொடைக்கணும், முப்பத்திரண்டு ஜோடி ஷூவ மாட்டணும், அதுல ஒண்ணு நிச்சயமா உச்சா போயிருக்கும். வேன்காரன் வேற வாசல்ல நின்னு கத்துவான். அந்நேரத்துல முத்திரை குத்த எனக்கென்ன நாலு கையா மொளைக்கும்? நகரு, வெளிச்சத்த மறைக்காத."

டொப்... டொப்... டொப்.

எழில் மிஸ்ஸு நகந்துட்டா. ஆனா அன்னிக்கு மதியம் டைரியையும் புள்ளைங்களையும் மாத்தி மாத்திப் பாத்தா. அப்போதான் ஜன்னலோரத்துல உக்காந்திருந்த அந்தப் புள்ள கண்ணுல பட்டுச்சு. பேரு சாதனா. நாலு வயசு. கழுத்து எலும்பு ரெண்டும் சட்டைக்கு மேல துருத்திக்கிட்டு இருக்கும். டப்பாவத் தொறந்து முன்னால வெச்சுக்கும். ஒரு பருக்கையத் தொடாது. வாய ஊசி நூல் போட்டுத் தெச்ச மாதிரி மூடிக்கும். வாசலையே பாக்கும்.

மணி அடிச்சதும் ஆயா வந்தாங்க. அந்த டப்பாவ எடுத்தாங்க. பின்னாடி கொண்டு போய் தட்டுனாங்க, தட் தட் தட். ரெண்டு நாய் ஓடி வந்து லபக் லபக்குனு தின்னுச்சு. டப்பாவக் கழுவி, மூடி, பையில போட்டாங்க.

"ஆயா, தினமுமா?"

"ஸ்கூல் தொறந்த நாலாவது நாள்லேர்ந்து. ஊட்டிப் பாத்தேன், துப்பிடுச்சு. டப்பா சோத்தோட போனா வீட்ல கேள்வி வரும். பெரிய மிஸ்ஸு என் மேலதான் பாய்வாங்க."

அந்தப் புள்ள வீட்ல காது கேக்காத தாத்தா ஒருத்தர். அப்பா லாரில போனா மாசத்துக்கு ஒரு தடவதான் வருவாரு. அம்மா பூங்கொடி ஷூ கம்பெனில பசை பூசுறவங்க. ராத்திரி அம்மா மடியில உக்காந்தா மட்டும் அந்தப் புள்ள நாலு வாய் சாப்பிடும், அப்படியே தூங்கிடும். பூங்கொடி டைரியப் பாப்பாங்க, காலி டப்பாவப் பாப்பாங்க. மதியம் வயிறு நிறைய சாப்பிட்டிருக்கா, அதான் இப்போ பசிக்கலன்னு நினைச்சுக்குவாங்க.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

சரி. அம்மாவுக்கு எப்படியாவது சொல்லிடணும்னு எழில் மிஸ்ஸு நினைச்சா. மொத தடவ, முத்திரைக்குக் கீழ பென்சில்ல, குட்டியா எழுதினா. 'சாதனா மதியம் சாப்பிடுவதில்லை.' சாயங்காலம் பெரிய மிஸ்ஸு எல்லா டைரியையும் பாத்துக் கையெழுத்துப் போடுவாங்க. அந்தப் பக்கம் வந்ததும் கண்ணாடிய மேல ஏத்தினாங்க. ரப்பர எடுத்தாங்க. சரக் சரக் சரக். தூசிய ஊதினாங்க, கையெழுத்தப் போட்டாங்க.

அப்புறம் ரெண்டாவது தடவ, அம்மாங்க எல்லாரும் இருக்குற வாட்ஸ்அப் குரூப்புல போட்டா. 'சாதனா அம்மா, ஒரு முறை பள்ளிக்கு வர முடியுமா?' அவ்வளவுதான் போட்டா. குரூப்புல இருக்குற நம்பர்ல எது யாரோடதுன்னு அவளுக்குத் தெரியாது. அந்த லிஸ்ட் பெரிய மிஸ்ஸோட பீரோவுல. ரெண்டு நிமிஷம் ஆகல, டிங்! அந்த மெசேஜ் இருந்த எடத்துல, நீக்கப்பட்டதுன்னு ஒரு வரி. பெரிய மிஸ்ஸு கூப்பிட்டு அனுப்பினாங்க.

"எழில், நீ வந்து எத்தன நாள் ஆச்சு?"

"இருபது நாள், மேடம்."

"இங்க ஒரு அம்மாவ வரச் சொன்னா, சாயங்காலத்துக்குள்ள முப்பத்திரண்டு அம்மாவும் எனக்கு போன் பண்ணும். என் புள்ளைக்கு என்ன, என் புள்ளைக்கு என்னன்னு. அதுங்க லீவு போட்டா கம்பெனில நிக்க வெச்சுக் கேப்பான். வீட்டுக்கு நல்ல சேதிதான் போகணும். புள்ளைங்க வளர வளர சாப்பிடும். புரியுதா?"

"ம்," அப்படின்னா எழில் மிஸ்ஸு. நீ சொல்ற மாதிரியே.

மூணாவது தடவ, விடியக்காலைல எழுந்து, கம்பெனி பஸ் வர்ற எடத்துக்கே போயிட்டா. இன்னும் இருட்டு பிரியல. பொம்பளைங்க கும்பலா நிக்கிறாங்க. பூங்கொடி இவளப் பாத்ததும் ஓடி வந்தாங்க.

"அய்யோ மிஸ்ஸா? நீங்கதானே எங்க சாதனாவோட மிஸ்ஸு? போட்டோவுல பாத்திருக்கேன். ஏய் கிளி, இங்க வாடி, எங்க பாப்பாவோட மிஸ்ஸு!" அப்படின்னுட்டு, இவ கையப் புடிச்சுக்கிட்டாங்க. "நல்லா இருப்பீங்க மிஸ்ஸு. நின்னுக்கிட்டே பத்து மணி நேரம் பசை பூசறேன். பாப்பா மதியம் சாப்பிட்டிருக்கும்னு நினைச்சாதான் எனக்கே சோறு எறங்குது."

எழில் மிஸ்ஸு வாயத் தொறந்தா. பாம்... பாம்...னு பஸ் வந்துடுச்சு. பூங்கொடி ஜன்னல்லேர்ந்து கைய ஆட்டினாங்க. இவளும் ஆட்டினா. சொல்லல.

ஏன் சொல்லலன்னு கேக்கிறியா? எனக்கும் தெரியல கண்ணு.

அதுக்கு மறுநாள் மதியம், கை கழுவுற குழாய்கிட்ட சாதனா பொத்துனு விழுந்துடுச்சு. கண்ணு மேல செருகிடுச்சு. ஆயா ஓடி வந்து தூக்கினாங்க, மூஞ்சில தண்ணி தெளிச்சாங்க, சர்க்கரைத் தண்ணிய சொட்டு சொட்டா வாயில விட்டாங்க. பெரிய மிஸ்ஸு எட்டிப் பாத்து, "வெயிலு. ஃபேனப் போடுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க. சாதனாவோட டைரி அலமாரில இருந்துச்சு. நன்றாக விளையாடினாள்னு காலையிலயே குத்தியாச்சு.

புள்ள கண்ணு முழிச்சுது. ஆயா பழக்கத்துல அதோட டப்பாவ எடுத்தாங்க, பின்னாடி போகத் திரும்பினாங்க. எழில் மிஸ்ஸு டப்பாவப் புடிச்சுக்கிட்டா.

"விடும்மா."

"விட மாட்டேன் ஆயா."

ஆயா அவள ஒரு தடவ பாத்தாங்க. விட்டுட்டாங்க.

எழில் மிஸ்ஸு புள்ளைய இடுப்புல வெச்சா, டப்பாவ பையில போட்டா, யார்கிட்டயும் கேக்காம கேட்டத் தொறந்து வெளியில வந்து ஒரு ஆட்டோவ நிறுத்தினா. ஆட்டோ கடகடகடன்னு ஓடுது. சாதனா ஒட்டடக் குச்சி மாதிரி இருந்த கைய அவ தோள் மேல போட்டிருக்கு.

"எங்க போறோம் மிஸ்ஸு?"

"உங்கம்மாகிட்ட."

புள்ள நிமிந்து பாத்துச்சு. அப்புறம் மெதுவாப் பேசுச்சு. அத்தன நாள்ல அது அவ்வளவு பேசினதே இல்ல.

"மொத நாள் நான் அழுதேன் இல்ல? ஆயா சொன்னாங்க, டப்பாவக் காலி பண்ணினா அம்மா வந்துடும்னு. நான் எல்லாத்தையும் சாப்பிட்டேன். அம்மா வரல."

"ம்."

"மறுநாளும் சாப்பிட்டேன். வரல. அதுக்கு மறுநாள் புடிக்காத கத்திரிக்காயக் கூட சாப்பிட்டேன். வரல."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிடாமப் பாத்தேன்."

எழில் மிஸ்ஸு புள்ள தலைய நெஞ்சோட சேத்துக்கிட்டா. ஆட்டோக்காரரு கண்ணாடில பாத்துட்டு வேகத்தக் கொறைச்சாரு.

முழிச்சிருக்கியா? ம் சொல்லு.

ம்...

கம்பெனில சாப்பாட்டு நேரம். வாட்ச்மேன் உள்ள ஆள் அனுப்பினாரு. பூங்கொடி நீலக் கோட்டோட, விரலெல்லாம் பசையோட, கேட்டத் தாண்டி ஓட்டமா வந்தாங்க.

"பாப்பா! என்ன மிஸ்ஸு, என்னாச்சு? ஜுரமா?"

எழில் மிஸ்ஸுக்குப் பேச்சு தொண்டைக்கு வந்துச்சு. உக்காரப் பாத்துச்சு. அவ அத வெளியில தள்ளினா.

"சாதனா மதியம் சாப்பிடறதே இல்லக்கா. ஸ்கூல் தொறந்த நாலாவது நாள்லேர்ந்து. இன்னிக்கு மயங்கி விழுந்துட்டா."

"டைரில இருக்கே?"

"காலையிலயே குத்திடறோம்."

"டப்பா தினமும் காலியா வருதே?"

"நாய்க்குப் போடறோம்."

பூங்கொடி எழில் மிஸ்ஸ நேராப் பாத்துக் கேட்டாங்க, "நேத்து பஸ்ஸாண்ட வந்து நின்னீங்களே மிஸ்ஸு. அப்போ வாயில என்ன வெச்சிருந்தீங்க, கொழுக்கட்டையா?"

எழில் மிஸ்ஸு தலையக் குனிஞ்சுக்கிட்டா. பையிலேர்ந்து டப்பாவ எடுத்துக் குடுத்தா. தொறந்தா எலுமிச்சஞ்சோறு. காலைல பூங்கொடி அமுக்கி வெச்ச விரல் தடம் கூட அது மேல அப்படியே இருந்துச்சு.

சாதனா அம்மா கோட்டப் புடிச்சு இழுத்துச்சு. மூஞ்சி பூரா சிரிப்பு.

"அம்மா, நான் சாப்பிடவே இல்ல. நீ வந்துட்ட!"

பூங்கொடிக்கு அது வெளங்கல. எழில் மிஸ்ஸு ஆட்டோவுல கேட்டத அப்படியே சொன்னா, கத்திரிக்காய் வரைக்கும். பூங்கொடி கேட்டுக்கிட்டே வாட்ச்மேன் பாட்டில் தண்ணில கையத் தேச்சுத் தேச்சுக் கழுவினாங்க. பசை போனப்புறமும் தேச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒரு வாய் சோத்த உருட்டி, புள்ள வாய்கிட்ட கொண்டு போனாங்க.

சாதனா வாய மூடிக்கிச்சு.

"சாப்பிடு கண்ணு. அம்மா வந்துட்டேன் பாரு."

"சாப்பிட்டா நீ உள்ள போயிடுவ."

ஊஊஊனு சங்கு ஊதுச்சு. உள்ள இருந்து சூப்பர்வைசர் குரல் வந்துச்சு. "பூங்கொடி! லைன் ஓட ஆரம்பிச்சுடுச்சு! வரியா, இல்ல அப்படியே வீட்டுக்குப் போறியா?"

"வந்துடும்மா," அப்படின்னாரு வாட்ச்மேன். "கேட்ட சாத்திட்டா அப்புறம் நான் தொறக்க முடியாது. எனக்கும் மேல ஆள் இருக்கு."

பூங்கொடி கேட்டப் பாத்தாங்க. புள்ளையப் பாத்தாங்க. வாட்ச்மேன் ரெண்டு மூணு தடவ கூப்பிட்டாரு. அப்புறம் கர்ர்ர்ர்ருனு கேட்ட இழுத்தாரு. டமார்னு சாத்தினாரு.

பூங்கொடி அந்தத் தூசியிலயே சம்மணம் போட்டு உக்காந்தாங்க. புள்ளைய மடியில இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. அந்தச் சோத்து உருண்டையக் கையிலயே வெச்சுக்கிட்டு, புள்ள வாயத் தொறக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தாங்க.

கதை இங்கயே நிக்குது. நீ கண்ண மூடிக்கோ.