முதல் இலை யாருக்கு?

இந்தக் கதையைக் கேட்க உட்காருகிறவர் பாதியில் எழுந்து போகக் கூடாது. கடைசியில் ஒரு இலையை யார் முன்னால் போடுவது என்று அவர்தான் சொல்லியாக வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கம் தெய்வேந்திரன் என்று ஒரு கல்யாணச் சமையல்காரர். ஐந்நூறு பேருக்கான சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தே குறை நிறை சொல்லிவிடுவார். நாக்குதான் அவருக்குச் சோறு போட்டது. அந்த நாக்குக்குப் பக்கத்திலேயே, இடது கன்னத்தில், விடிந்தது முதல் அடுப்பு அணையும்வரை வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அடங்கியிருக்கும்.

சித்திரையிலிருந்து எதை ருசி பார்த்தாலும் அவருக்கு வாய் எரிந்தது. காரம் தூக்கலாகிவிட்டது என்று மிளகாய்த்தூளைக் குறைத்தார். பிறகும் எரிந்தது, இன்னும் குறைத்தார். வைகாசிக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார், "இது சாம்பாரா, பச்சப்புள்ளைக்கு ஊட்டுத பருப்பா?" என்று பந்தியிலேயே கேட்டுவிட்டார்கள். மனிதர் கூனிக் குறுகிப் போனார். மிளகாய் வியாபாரியைத் திட்டித் தீர்த்தாரே ஒழிய, தன் வாயைச் சந்தேகப்படவில்லை.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லாமல் சும்மா கிடந்த மண்டபத்தில் இலவச வாய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். பாத்திரம் எடுக்கப் போனவரை, "காசா பணமா, காட்டிட்டு வாங்க" என்று மனைவி முத்துப்பேச்சி வரிசையில் பிடித்து நிறுத்தினாள்.

பெயர் பதிந்த நர்ஸ் ஜெசிந்தா, காகிதத்தில் இருந்தபடியே கேட்டாள். "கெட்ட பழக்கம் எதுவும் உண்டா அண்ணாச்சி?"

"நமக்கு அப்படி ஒண்ணும் கிடையாது தாயி."

அவர் பொய் சொல்லவில்லை. குடியும் சிகரெட்டும் கெட்ட பழக்கம். தாம்பூலம் சாமிக்கே வைக்கிற பொருள். அதைப் போய் யார் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்? ஜெசிந்தா 'இல்லை' என்று எழுதினாள். இல்லை என்றவர்களுக்கு டார்ச் அடித்துப் பார்த்து அனுப்புவதோடு சரி.

முத்துப்பேச்சி சிரித்தாள். "மொளகாயக்கூட விட்டுட்டாவ, அம்புட்டு நல்ல மனுசன்!"

ஜெசிந்தாவின் பேனா நின்றது. அவருடைய ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. எழுதியதை அடித்தாள். "அண்ணாச்சி, வாயில என்ன போடுவிய?"

"வெத்தல, பாக்கு, போயில. எல்லாரும் போடுததுதான?"

அவரை மணமகள் அறைக்கு அனுப்பினாள். அங்கே டாக்டர் நிலோபர் இருந்தார். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தார்; பழைய கறையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சன்னலை அடைத்துவிட்டு நீல விளக்கைப் பிடித்தார். நல்ல சதை அந்த வெளிச்சத்தில் மங்கிய பச்சையாக ஒளிரும். அவர் வாயும் ஒளிர்ந்தது. இடது கன்னத்தின் உள்ளே மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு ஓர் இடம் இருண்டு கிடந்தது.

"சாதாரணப் புண்ணும் இப்படித் தெரியலாம். விளக்கு மட்டும் தீர்ப்பு சொல்லாது. போயிலைய விட்டுட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர்.

வெற்றிலைப் பெட்டியை முத்துப்பேச்சி பிடுங்கி வைத்துக்கொண்டாள். அவர் கெஞ்சினார், கோபித்தார், ஒரு வேளை சாப்பிடாமலும் கிடந்தார், அவள் மசியவில்லை. இரண்டு வாரம் கழித்தும் இருட்டு அப்படியே இருந்தது. துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். இன்னும் புற்றாகவில்லை, ஆனால் அந்த வழியில் கிளம்பிவிட்டது என்று தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் அகற்றினார்கள். நாக்குக்குச் சேதமில்லை.

தை பிறந்ததும் தெய்வேந்திரன் வீட்டில் விருந்து வைத்தார். "என் வாயக் காப்பாத்துன ஆளுக்குத்தான் முதல் இலை" என்று அறிவித்தார். வரிசையில் நிறுத்தி, பெட்டியையும் பிடுங்கியது முத்துப்பேச்சி. கண்ணுக்குத் தெரியாததைக் கண்டது நிலோபரின் விளக்கு. ஒரு சொல்லை அடித்துத் திருத்தியது ஜெசிந்தா. மூன்று பேரும் வந்து நிற்கிறார்கள். இலை ஒன்றுதான் விரித்திருக்கிறது.

சொல்லுங்கள், அந்த இலையில் யார் உட்கார வேண்டும்?

ஜெசிந்தாதான். முத்துப்பேச்சி மிளகாய்ச் சேதியைக் கேலியாகச் சொன்னாள். காரம் தாங்காமல் வாய் எரிவது நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. விளக்கோ தன் முன்னால் திறந்த வாயைத்தான் பார்க்கும். 'இல்லை' என்று எழுதி முடித்த பிறகும், தான் கேட்ட கேள்வியே தப்பு என்று கண்டு மாற்றிக் கேட்டவள் ஜெசிந்தா ஒருத்திதான். தெய்வேந்திரனும் அவளையே உட்கார வைத்தார். முதல் கவளத்திலேயே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அண்ணாச்சி, காரம்!" என்றாள். ஒன்பது மாதம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்ட சந்தோஷத்தில் அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார்.