மடித்தால் பொருந்தாத எழுத்துகள்

நாணல் குளத்துக் கரைச்சேற்றில் ஒரு காலத்தில் எப்போதும் எழுத்து இருக்கும். எழுதுவது நண்டு. அதற்கு ஒரு கொடுக்கு பெரிது, ஒரு கொடுக்கு சிறிது.

"நாவல் பழுத்தாச்சு, வாங்க!" என்று எழுதும். "முயலக்கா, உன் குட்டி தாழம்புதரில் தூங்குது" என்று எழுதும். தண்ணீர் குடிக்க வரும் விலங்குகள் படித்துச் சிரித்துவிட்டுப் போகும். அந்தக் காலைகளே தனி!

பிறகு வண்ணத்துப்பூச்சி கரைக்குத் தலைவியானது. அழகாக இருக்கிறதே என்று எல்லா விலங்குகளும் கைதூக்கிவிட்டன. அழகைப் பார்த்துக் கைதூக்கினால் வேறென்ன நடக்கும்?

தலைவி நண்டிடம் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பூவரச இலையில் எழுதச் சொன்னது. இலையை நடுநரம்போடு மடித்துப் பார்த்தது.

"என் இறக்கையைப் பார்! மடித்தால் ஒரு பாதி மறுபாதியில் அச்சாகப் பொருந்தும். அப்படிப் பொருந்தாத எழுத்து இனி என் கரையில் கிடையாது!"

'ப' பொருந்தியது. 'ஃ' பொருந்தியது. மற்றதெல்லாம் கோணல் என்று தள்ளிவிட்டது.

நண்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, இது நியாயமா? சரி, 'ழ' போகட்டும். 'க'வை விடு!"

"முடியாது."

"'ங'வையும் 'ஞ'வையும் சேர்த்தே எடுத்துக்கோ. 'ம' ஒன்றாவது கொடு! அம்மான்னு எழுத வேணாமா?"

"உன் கொடுக்கு மாதிரியே உன் பேச்சும் கோணல். இன்னொரு கோணல் எழுத்து எழுதினால் குளத்தை விட்டே போ!"

நண்டு எழுதுவதை நிறுத்திவிட்டது. குளத்தை விட்டால் அதற்குப் போக்கிடம் ஏது?

கரை வெறிச்சோடிப் போனது. "முன்னெல்லாம் நாலு வரி படிக்காம எனக்குத் தண்ணி இறங்காது" என்று புள்ளிமான் பெருமூச்சு விட்டது.

ஒரு மாலை, வேடன் நாணலுக்குள் வலை விரித்துவிட்டுப் போனான். பார்த்தது நண்டு மட்டும்தான். தலைவியிடம் ஓடியது.

"வலை விரிச்சிருக்கான்! எழுத விடு தாயே!"

"தாராளமாக எழுது. 'ப' இருக்கிறது, 'ஃ' இருக்கிறது."

நண்டு பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது: "பப்ப! ப்பஃ!"

விடிந்ததும் புள்ளிமான் வந்தது. படித்தது. "எந்தக் குட்டி கிறுக்குச்சோ!" என்று சிரித்தபடி நாணலை நோக்கி நடந்தது. நண்டு கத்தியது. தவளைச் சத்தத்தில் அந்தச் சின்னக் குரல் எங்கே கேட்கும்?

"போனால் போகட்டும் குளம்!"

நண்டு குறுக்கே ஓடியது. பெரிய கொடுக்கால் மானின் காலடியில் கீறியது: "நில்! வலை!"

மான் சட்டென்று நின்றது. மூக்குக்கு நேரே வலை!

வண்ணத்துப்பூச்சி பறந்து வந்தது. "இந்த 'வ' ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதே..."

"சாயட்டும் தலைவி! நான் சாயாம நிக்கிறேன்ல?" என்று சீறியது மான். "நண்டு எங்கேயும் போகாது. உன் மடிப்புச் சட்டம்தான் போகும்!"

தலைவி இறக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

மறுநாள் கரை முழுக்க எழுத்து. மான் கடைசி வரி வரை நின்று படித்தது. அதன் பிறகுதான் தண்ணீரில் வாய் வைத்தது.

இரு பக்கமும் ஒத்திருப்பது அழகுதான். ஆனால் உயிர் காக்கும் கோணலை அழகுக்காக அழிப்பவர் தமக்கே கேடு தேடிக்கொள்கிறார்.